50 சதவீத வரிக்குப் பிறகு திருப்பூர்: குடும்பத்தோடு ஊர் மாறுவதா, இங்கேயே இருந்து தாங்குவதா?

நூல்கண்டு (திருப்பூர்) – 28 செப்டம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாதமாக வீட்டில் தினமும் பேசியும் முடிவுக்கு வர முடியாத ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். இதற்கு முன் வேறு ஊரில், வேறு தொழிலில் இப்படியொரு மந்தத்தைக் கடந்து வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் எங்களுக்கு மட்டுமல்ல, எங்கள் தெருவில் உள்ள பல குடும்பங்களுக்கும் உதவியாக இருக்கும்.

எனக்கு 41 வயது. ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் 14 ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மனைவி வீட்டுக்கு அருகிலேயே ஒரு பவர் டேபிளில் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடம்) ஓவர்லாக் தைக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நாங்கள் தைக்கும் சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போவது. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட, ஆகஸ்ட் 7ஆம் தேதி 25 சதவீதமாக வந்த கூடுதல் வரி, ஆகஸ்ட் 27ஆம் தேதி 50 சதவீதமாகிவிட்டது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அது 20 சதவீதம்தான். ஒரு டி-ஷர்ட்டில் சில ரூபாய் லாபத்துக்காக ஓடும் தொழிலில் அந்த இடைவெளியை எந்த முதலாளியாலும் தன் கையிலிருந்து போட்டு நிரப்ப முடியாது.

ஜூலை வரை ஒன்றரை ஷிப்ட் ஓடியது. இப்போது ஒரு ஷிப்ட், அதுவும் வாரத்துக்கு நான்கு நாள். பேக்கிங் முடிந்து, முகவரி ஸ்டிக்கர் ஒட்டி, பட்டை போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள் எங்கள் செக்கிங் மேசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கிடக்கின்றன. கப்பலேறியிருக்க வேண்டிய சரக்கு அது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, வந்திருக்கும் சொற்ப உருப்படிகளில் தையல் விட்டிருக்கிறதா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை வாங்கும் சம்பளம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் தெரிகின்றன. பெங்களூர் பீன்யாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் சித்தப்பா மகன் அங்கே வரச் சொல்கிறான். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் கைபேசி உதிரிப்பாகம் செய்யும் ஓர் இடத்தில் மாதம் 19,000 ரூபாய்க்குத் தர ஆய்வாளர் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. மூன்றாவது, கோவையில் ஏதாவது தேடுவது. எந்த ஊர் இப்படிப்பட்ட காலத்தைத் தாங்கும், எந்த ஊர் தாங்காது என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

ஒரத்துப்பாளையத்தான் – 29 செப்டம்பர் 2025

நண்பரே, 2011இல் நான் ஒரு சாயப்பட்டறையில் கலர் மாஸ்டராக இருந்தேன். நொய்யலில் கழிவுநீர் விடுவது நிற்கவில்லை என்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் சில நாட்களில் நின்றுபோயின. அந்தத் தீர்ப்பைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் எங்கள் பெரியப்பா எதையும் விளைவிக்க முடியாமல் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஊருக்கு மந்தமாக இருந்த அதே மாதங்களில்தான் ஆற்றோரத்து விவசாயிகள் முதன்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

ஆனால், மந்தம் ஊருக்குள் எப்படி நடந்து வந்தது என்பதை அருகிலிருந்து பார்த்ததால் சொல்கிறேன். முதல் மாதம் எங்களைத் தவிர யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. துணியைப் பெருந்துறைக்கும் லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் அனுப்பிச் சாயமேற்றிக்கொண்டு வந்து தைத்தார்கள். போக்குவரத்துச் செலவும் தாமதமும் கூடக் கூட, இரண்டாம் மூன்றாம் மாதத்தில் தையல் பிரிவுகளில் வேலை குறைந்தது. அதன் பிறகு மெஸ், டீக்கடை, பெட்டிக்கடை, மினி பஸ். கடைசியாகத்தான் வீட்டு உரிமையாளர்கள். நாங்கள் இருந்த லைன் வீட்டில் பன்னிரண்டு கதவுகள். ஆடி மாதம் அவற்றில் ஏழு கதவுகளில் பூட்டுத் தொங்கியது. ஊரைக் காலி செய்தவர்கள் மிக்ஸி, கட்டில், பீரோ எல்லாவற்றையும் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்றதால் நல்ல பீரோவுக்குக்கூட இரும்பு விலைதான் கிடைத்தது.

நான் அகமதாபாத்தில் நாரோல் பகுதிக்குப் போனேன். பதினான்கு மாதங்கள் இருந்தேன். சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் கூடுதல்தான். ஆனால் திருப்பூரில் எந்தப் பட்டறைக்குள் போனாலும் என்னைத் தெரியும். ஷேடு (சாயத்தின் நிறம்) ஒத்துவரவில்லை என்றால் இரவு பதினொரு மணிக்கும் ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள், மளிகைக்கடையில் இரண்டு மாதம் பாக்கி வைத்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். நாரோலில் நான் வெறும் கூலி ஆள். காய்ச்சலில் படுத்த எட்டு நாளும் கைக்காசில்தான் சாப்பிட்டேன். ஊர் மாறும்போது இங்கே நமக்கிருக்கும் இந்த நம்பிக்கைக் கணக்கு நம்மோடு வருவதில்லை. சம்பளத்தை ஒப்பிடும்போது யாரும் இதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்கும் ஏற்பாடுகளோடு பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது திரும்பி வந்துவிட்டேன். அவசரப்பட்டுப் பொருட்களை விற்றுவிட்டுப் போகாதீர்கள் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்வேன்.

சிங்காநல்லூர் வாசி – 29 செப்டம்பர் 2025

எந்த ஊர் தாங்கும் என்ற கேள்விக்குக் கோவையை வைத்துப் பதில் சொல்ல முயல்கிறேன்.

கோவையும் ஒரு காலத்தில் ஒரே தொழிலை நம்பிய ஊராகத்தான் இருந்தது. 1888இல் முதல் பஞ்சாலை வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் வரிசையாக முளைத்தன. ஆனால் ஆலை எந்திரங்களைப் பழுதுபார்க்க வந்த பட்டறைகள் வார்ப்படத்தையும் கடைசலையும் கற்றுக்கொண்டு, விவசாயிகளுக்கு மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கின. பிறகு வெட் கிரைண்டர் வந்தது, எந்திர உதிரிப்பாகங்கள் வந்தன, கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பெருகின, கடைசியில் மென்பொருளும் வந்து சேர்ந்தது. 1990களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது ஊர் தடுமாறியது உண்மைதான். ஆனாலும் முற்றிலும் விழுந்துவிடவில்லை. பம்பு விற்காத ஆண்டில் கிரைண்டர் விற்றது, வார்ப்படத்துக்கு ஆர்டர் இல்லாதபோது மருத்துவமனைகள் ஆளெடுத்தன. திருப்பூருக்கு அந்த அகலம் இல்லை. அங்கே நூல், பின்னலாடை, சாயம், அச்சு, தையல், அட்டைப்பெட்டி, பட்டன் என்று நூறு தொழில்கள் இருப்பதுபோலத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே பனியனின் உறுப்புகள்தாம்; பனியன் நின்றால் அத்தனையும் நிற்கும்.

ஆனால் இந்தப் பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். என் அப்பா ஓர் ஆலையில் ஸ்பின்னிங் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை செய்தவர். ஆலை மூடியபோது அவருக்கு 46 வயது. கோவை மீண்டது, ஆனால் அப்பா மீளவில்லை. புதிதாக வந்த வேலைகள் ஐ.டி.ஐ. முடித்த இருபது வயதுப் பையன்களுக்கு. அப்பா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றார். அறுந்த நூலை ஓடும் எந்திரத்திலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் விரல்கள் அவருக்கு. அந்தத் திறமைக்கு ஊரில் விலை இல்லாமல் போய்விட்டது. ஓர் ஊர் மீண்டுவிட்டது என்று செய்தித்தாள் எழுதும்போது, அதே ஆட்கள்தான் மீண்டார்களா என்று நான் எப்போதும் கேட்டுக்கொள்வேன்.

மாரத்தஹள்ளித் தமிழன் – 30 செப்டம்பர் 2025

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. 2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கி நெருக்கடி வெடித்து அடுத்த சில மாதங்களில் பெங்களூரில் எனக்கு வேலை போனது. மூன்று மாதங்களில் சென்னையில் வேறு வேலை கிடைத்துப் போய், 2011இல் திரும்பவும் பெங்களூர் வந்தேன். 2023இல் மென்பொருள் நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தபோது மறுபடி பாதிக்கப்பட்டு, புனேயில் ஓராண்டு இருந்தேன். மந்தம் எல்லா ஊரையும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் தாக்குவதில்லை. ஆகவே வேலை இருக்கும் இடத்துக்கு விரைவாக நகர்கிறவர்களுக்கே பாதிப்பு குறைவு. தாமதிக்கத் தாமதிக்கச் சேமிப்பு கரைகிறது. நூல்கண்டு அவர்கள் ஒரகடம் வாய்ப்பைத் தயங்காமல் ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வண்டலூர் வாசகி – 30 செப்டம்பர் 2025

மாரத்தஹள்ளித் தமிழன் சார், நீங்கள் சொல்வது உங்கள் அளவில் சரியாகவே இருக்கும். ஆனால் நீங்கள் மாறியபோதெல்லாம் உங்கள் தொழில் உங்கள் மடிக்கணினியோடு கூடவே வந்தது. புதிய நிறுவனம் போக்குவரத்துச் செலவும் சில வார விடுதிச் செலவும் கொடுத்திருக்கும். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

என் கணவர் மறைமலை நகர்ப் பகுதியில், கார் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எந்திர இயக்குநராக இருந்தார். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் அங்கே கடைசிக் கார் வெளிவந்தது. நேரடித் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. போராடி, பேசி, பணி செய்த ஆண்டுகளைக் கணக்கிட்டு இழப்பீடு வாங்கினார்கள். அது அவர்களுடைய உரிமை. ஆனால் அந்தக் கார்களுக்காகவே உதிரிப்பாகம் செய்துகொண்டிருந்த சிறு நிறுவனங்களின் ஆட்களுக்கு, அதிலும் ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு, அப்படி ஒன்றும் இல்லை. என் கணவருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். கேண்டீன் வைத்திருந்தவர், ஷிப்ட் வேன் ஓட்டியவர், ஆறு பையன்களுக்கு ஓர் அறை என்று வாடகைக்கு விட்டு அந்த வாடகையில் வங்கிக் கடன் கட்டிய விதவை அம்மா ஆகியோரெல்லாம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஓசூரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகலாம் என்று கணக்குப் போட்டோம். அங்கே வீட்டுக்கு அட்வான்ஸ், இங்கே வீட்டுக்காரர் பழைய அட்வான்ஸைத் திருப்பித் தர அவகாசம் கேட்டார். லாரி வாடகை, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவாண்டில் புதிய பள்ளிச் சேர்க்கை, சீருடை, நான் வாங்கியிருந்த மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை. குழுக் கடனில் மற்ற ஒன்பது பெண்களும் எனக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் ஊரை விட்டுப் போனால் என் தவணைக்கு அவர்களைத்தான் பிடிப்பார்கள். இந்த ஒரு காரணத்தாலேயே நானும் பிள்ளைகளும் இங்கே தங்கினோம். அவர் மட்டும் ஓசூர் போனார். நான்கு ஆண்டுகளாக இரண்டு அடுப்பு எரிகிறது. அங்கே கூடுதலாகக் கிடைத்த நாலாயிரம் ரூபாய், அவருடைய மெஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடுகிறது.

விரைவாக நகர்வது ஒரு குணம் என்பதுபோலப் பேசுகிறோம், சார். அதற்குக் கையில் குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணம் வேண்டும். அந்தப் பணம் இல்லாதவர்கள்தான் வேலையையும் முதலில் இழக்கிறார்கள்.

மாரத்தஹள்ளித் தமிழன் – 30 செப்டம்பர் 2025

நீங்கள் எழுதியது நியாயம், அம்மா. என் நிறுவனம் லாரிச் செலவையும் முதல் மாத வாடகையையும் கொடுத்தது என்பதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். அவசர முடிவு என்ற என் ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விடுதிக் காப்பாளர் (திருப்பூர்) – 2 அக்டோபர் 2025

இந்த உரையாடலில் ஒரு தரப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் ஒரு கம்பெனியின் தொழிலாளர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் இருநூறுக்கு மேல் இருந்தார்கள். இன்று எண்பது பேர்கூட இல்லை. தன்பாத் – ஆலப்புழை ரயில் தன்பாத் நோக்கித் திரும்பும் நேரத்தில் திருப்பூர் நிலையத்துக்கு வந்து பாருங்கள். சாக்குப் பைகளோடும் பிளாஸ்டிக் வாளிகளோடும் நடைமேடை நிறைந்திருக்கும். இந்த ஆண்டு சத் பண்டிகைக்கும் பீகார் தேர்தலுக்கும் போகிறோம் என்கிறார்கள். வழக்கமாகப் போகிறவர்கள் மெத்தையையும் சமையல் பாத்திரங்களையும் விடுதியிலேயே கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது வாளியையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதை வைத்தே யார் திரும்ப வருவார், யார் வர மாட்டார் என்று என்னால் சொல்ல முடிகிறது.

ஏற்கெனவே ஒருமுறை சொந்த ஊரை விட்டு வந்தவர்களே முதலில் நகர்கிறார்கள். அவர்களுக்கு இங்கே அட்வான்ஸும் இல்லை, பள்ளியில் பிள்ளைகளும் இல்லை. வேலை குறைந்த வாரமே புறப்பட்டுவிடுகிறார்கள். அதனால் மந்தத்தின் அடியை இந்த ஊர் பாதி மட்டுமே உணர்கிறது; மீதிப் பாதி ஒடிசாவின் மயூர்பஞ்சிலும் பீகாரின் கயையிலும் உள்ள வீடுகளில், மாதம் வந்துகொண்டிருந்த எட்டாயிரம் ரூபாய் வராமல் போவதாக இறங்குகிறது. 2020 ஊரடங்கிலும் இதையே பார்த்தோம். மே மாதம் சிறப்பு ரயில்களில் ஏறிப் போனவர்களை, ஆர்டர் வந்தவுடன் முதலாளிகளே பேருந்து அனுப்பி அழைத்துவந்தார்கள்.

அவர்கள் போவது நல்லது, நமக்கு வேலை மிஞ்சும் என்று தேநீர்க் கடையில் சிலர் பேசக் கேட்கிறேன். அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு லைனில் முப்பது டெய்லர் இருந்தால்தான் ஓர் ஆர்டரைத் தேதிக்கு முடிக்க முடியும். பன்னிரண்டு பேர் போய்விட்டால் மீதிப் பதினெட்டுப் பேருக்கும் அந்த ஆர்டர் கிடைக்காது.

நூல்கண்டு (திருப்பூர்) – 4 அக்டோபர் 2025

அனைவருக்கும் மிக்க நன்றி. ஒவ்வொரு பதிவையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். குழுக் கடன் பற்றி வண்டலூர் வாசகி அவர்கள் எழுதியதைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. எங்களுக்கும் ஒரு குழுக் கடன் உண்டு. 31 வாரத் தவணை மீதி இருக்கிறது.

பீன்யா பற்றி யாராவது சொல்ல முடியுமா? அங்கே தரக் கட்டுப்பாட்டில் 22,000 ரூபாய் கிடைக்கும் என்கிறான் தம்பி.

பாடவேளை (ஈரோடு) – 5 அக்டோபர் 2025

நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் கற்பிக்கிறேன். பீன்யா குறித்து ஒரே ஒரு எச்சரிக்கை. பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் பல அமெரிக்கக் கடைகளுக்காகவே தைக்கின்றன. உங்களை இங்கே அடித்த அதே வரி அங்கேயும் அடிக்கும். தொழிலை மாற்றாமல் ஊரை மட்டும் மாற்றும்போது, அந்த ஊரின் வாங்குபவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். தம்பியிடம், அவன் கம்பெனியின் சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். ஐரோப்பாவுக்கோ உள்நாட்டுக்கோ என்றால் யோசிக்கலாம்.

அதேபோல் திருப்பூருக்குள்ளேயே எல்லாக் கம்பெனிகளும் ஒரே நிலையில் இல்லை. திருப்பூரின் ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் தைப்பவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது அங்கே நம் ஆடைகளுக்கு வரி இராது. உள்நாட்டுச் சந்தைக்காக ஜட்டி பனியன் போடும் கம்பெனிகள் தனி. ஊரை விட்டுப் போவதற்கு முன் ஊருக்குள்ளேயே ஒருமுறை மாறிப் பார்க்கலாம் என்பது என் பணிவான கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிறோம் என்று நூல்கண்டு அவர்கள் சற்று வருத்தத்தோடு எழுதியதுபோல் எனக்குப் பட்டது. இப்படிப்பட்ட காலத்தில் அது ஒரு பாதுகாப்பும்கூட. கார் தொழிலை நம்பிய அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள்; 2010இல் 7.14 லட்சம் பேர்தான். 2013இல் அந்த நகராட்சியே திவால் மனு கொடுத்தது. வீட்டை விற்கவும் முடியாமல், விட்டுப் போகவும் மனமில்லாமல் தங்கியவர்கள்தான் அங்கே அதிகம் சிரமப்பட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் போகும் ஊரில் வீடு வாங்க யாரும் இல்லை. திருப்பூர் அந்த நிலைக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. 2008, 2011, பணமதிப்பிழப்பு, ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய 2022 என எத்தனையோ முறை விழுந்து எழுந்த ஊர் அது. இருந்தாலும், மந்தம் முடியும்வரை யாரும் இந்த ஊரில் கடன் வாங்கி வீடு கட்ட வேண்டாம் என்று என் மாணவர்களின் பெற்றோரிடம் சொல்லி வருகிறேன்.

ரேஷன் பற்றியும் கவனியுங்கள். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக்குள் எந்த ஊர்க் கடையிலும் உங்கள் அட்டைக்குப் பொருள் வாங்க முடியும். மாநில எல்லையைத் தாண்டினால், முன்னுரிமை அட்டையாக இருந்தால் மத்திய ஒதுக்கீட்டு தானியம் மட்டுமே. நான்கு பேர் உள்ள வீட்டில் அந்த இழப்பு சிறிய தொகை அல்ல.

சிங்காநல்லூர் வாசி – 5 அக்டோபர் 2025

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திருப்பூரிலிருந்து கோவைக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். மாதச் சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் தினமும் வந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குடும்பத்தை அசைக்காமல் ஆள் மட்டும் நகர முடிந்த தூரத்தில் இன்னொரு பெரிய ஊர் இருப்பது எல்லோருக்கும் கிடைக்காத வாய்ப்பு. மறைமலை நகருக்கும் ஓசூருக்கும் இடையே அப்படி ஒரு ரயில் இருந்திருந்தால் வாசகி அம்மாவின் வீட்டில் ஓர் அடுப்புதான் எரிந்திருக்கும்.

வண்டலூர் வாசகி – 1 நவம்பர் 2025

நேற்று ஓர் அறிவிப்பு வந்தது. மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் ஃபோர்டு இன்ஜின் உற்பத்தியைத் தொடங்கப்போகிறது, 2029இல் உற்பத்தி ஆரம்பம் என்று. எங்கள் பகுதி முழுவதும் மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சிதான், பூட்டிய கேட் திறப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? இரவு ஓசூரிலிருந்து பேசிய கணவரிடம் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணியிருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து, “அப்போது எனக்கு 49” என்றார். சிங்காநல்லூர் வாசி தன் தந்தையைப் பற்றி எழுதியது அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. நூல்கண்டு அவர்கள் என்ன முடிவெடுத்தார் என்று அறிய விரும்புகிறேன்.

ஒரத்துப்பாளையத்தான் – 2 நவம்பர் 2025

வாசகி அம்மா, மனம் தளர வேண்டாம். 2011க்குப் பிறகு திறந்த பட்டறைகள் புது எந்திரங்களோடு திறந்தாலும், ஷேடு பிடிக்கத் தெரிந்த பழைய ஆட்களைத் தேடிப்பிடித்துத்தான் அழைத்தார்கள். உங்கள் கணவர் எந்த எந்திரத்தில் வேலை செய்கிறார், அதில் என்ன புதிதாகக் கற்றிருக்கிறார் என்பதைச் சான்றிதழோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஓசூர் வேலைக்கு அனுபவக் கடிதம் கேட்டு வாங்கி வைப்பது முக்கியம். நாரோலில் நான் அதை வாங்காமல் வந்துவிட்டேன். பதினான்கு மாத வேலைக்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நூல்கண்டு (திருப்பூர்) – 9 நவம்பர் 2025

தாமதத்துக்கு மன்னிக்கவும். தீபாவளிக்கு எங்கள் கம்பெனியில் போனஸைக் குறைத்துக் கொடுத்தார்கள். கொடுத்ததே பெரிது என்று வாங்கிக்கொண்டோம். அதற்கடுத்த வாரம் தரக் கட்டுப்பாட்டில் ஆறு பேரை நிறுத்தினார்கள். நானும் அதில் ஒருவன்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி தம்பியிடம் கேட்டேன். அவன் தன் கம்பெனி அட்டைப்பெட்டியைப் படம் பிடித்து அனுப்பினான். எங்கள் பெட்டிகளில் இருந்த அதே கடைப் பெயர், அதே துறைமுகம். பீன்யாவை அன்றே விட்டுவிட்டேன். ஒரகடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தேன். வேலை நல்ல வேலை. ஆனால் அந்த 19,000இல் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப எட்டாயிரம்தான் மிஞ்சும், மகளை மேல்நிலைப் படிப்பின் நடுவில் அசைக்கவும் முடியாது.

ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் உடை தைக்கும் ஒரு கம்பெனியில் இங்கேயே இறுதிச் செக்கிங்குக்கு ஆள் கேட்டார்கள், ஆனால் வாரம் மூன்று நாள்தான். மற்ற நாட்களுக்குக் கோவை பீளமேட்டில் பம்பு உதிரிப்பாகம் செய்யும் ஓர் இடத்தில் ஆய்வு வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன். முதல் இரண்டு மாதம் கற்றுக்கொள்ளும் கூலிதான். துணியில் தையலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற நுண்ணளவுக் கருவிகள் புதிது. முதல் நாள் ஒரு புஷ்ஷின் (குழாய் போன்ற சிறு உலோகப் பாகம்) உள்விட்டத்தை நான்கு முறை அளந்தேன், நான்கும் நான்கு விதமாக வந்தன. சொல்லிக்கொடுக்கும் பையனுக்கு 24 வயது. “அண்ணா, இறுக்கிப் பிடிக்காதீங்க, ரேட்செட் தானா நிக்கும்” என்று, மைக்ரோமீட்டரை அளவோடு நிறுத்தும் அந்தத் திருகை என் கையைப் பிடித்துத் திருகிக் காட்டினான்.

மனைவியின் பவர் டேபிளில் உள்நாட்டுச் சரக்கு வருவதால் அவருக்கு வேலை இருக்கிறது. குழுக் கடனில் 26 வாரம் மீதி. சீசன் டிக்கெட் எடுத்துவிட்டேன். மகளின் பொதுத்தேர்வு முடியும் 2027 மார்ச் வரை வீட்டை மாற்றுவதில்லை என்று நால்வரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். வாசகி அம்மா, உங்கள் வீட்டுக்காரரின் எந்திரத்தில் எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? நான் அடுத்து எதைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்ய உதவும்.